மைல்களைச் செத்தவீட்டுக்கு வைத்திருங்கள்

(முள்ளிக்குளத்து மக்களும் விடுமுறைக்கு வந்த அவர்களின் வெளிநாட்டு உறவுகளும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'கடனட்டைப் பொயின்சில் விமானத்தின் முதலாம் வகுப்பு' என்று அறிவித்தல் ஒட்டியதும் இரண்டு பேர் என்னிடம் நேரிலேயே கேட்டுவிட்டார்கள், இந்த ஊரில் பேசுகிற பேச்சா இது என்று. கேட்டது நியாயம். 2007 செப்டெம்பரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழும்பிப் போன ஊர் இது. திரும்பி வந்தபோது வீடும் வளவும் கடற்படையிடம் இருந்தன. 2017 மார்ச் 23இல் முகாம் வாசலில் குந்தியவர்கள் 38 நாள் எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் 100 ஏக்கரை விடுகிறோம் என்ற சொல் வந்தது. சொந்தக் கோயிலுக்குப் பூசை காணக் கடற்படையின் பஸ்ஸில் போன சனத்துக்கு, ஆகாயத்தில் கட்டில் போட்டுப் படுத்துப் போகிற கதை எதற்கு?

சொல்கிறேன். இந்தக் கரையிலிருந்து சிதறியவர்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள், பிறகு பாரிசுக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வந்து போகிற செலவு பல வீடுகளில் கலியாணச் செலவுக்கு அடுத்த செலவாகிவிட்டது. கொழும்பில் நெடுங்காலம் விமானச்சீட்டு விற்றவன் நான். அந்தச் செலவின் கணக்கை மேசைக்கு மறுபக்கமிருந்து பார்த்தவன். இப்போது இளையவர்கள் கேட்கிறார்கள்: "மாமா, பொயின்சில் முதலாம் வகுப்பிலேயே வரலாமாமே, உண்மையோ?" உண்மைதான். ஆனால் அந்த உண்மை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1981 மே மாதம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் வாடிக்கையாளர் வேறு கம்பனிக்குப் போகாமலிருக்க, பறந்த தூரத்தைக் கணக்கில் எழுதி இலவசச் சீட்டுத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு வருடம் கழித்து, 1987இல், சிட்டி வங்கியோடு சேர்ந்து ஒரு கடனட்டை விட்டது. அன்றோடு பறப்பதற்கும் மைலுக்கும் இருந்த கட்டாயத் தொடர்பு அறுந்தது. மரக்கறி வாங்கினாலும் மைல், பல்லுப் பிடுங்கினாலும் மைல். விமானக் கம்பனி மைலை அச்சடித்து வங்கிக்குக் காசுக்கு விற்கிறது; வங்கி அதை மைலாகவோ பொயின்சாகவோ உங்களுக்குத் தருகிறது. எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைற்றட் எயார்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டொலர் கடன் எடுத்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டொலர். பங்குச்சந்தையில் முழுக் கம்பனிக்கும் அன்று அவ்வளவு விலை இல்லை. விமானம், இயந்திரம், பணியாள் எல்லாம் சேர்ந்ததைவிட அந்தக் கணக்குப் புத்தகம் பெறுமதி!

வங்கி எங்கிருந்து கொடுக்கிறது? நீங்கள் அட்டையை நீட்டும்போது கடைக்காரர் ஒரு தரகு கட்டுகிறார். பெரும்பாலும் அதிலிருந்துதான் பொயின்ஸ். கடைக்காரர் தன் கையால் கட்டுவாரா? சாமானின் விலையில் ஏற்றுவார். அந்த விலையைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் கட்டுகிறார், ஆனால் அவருக்கு மைல் இல்லை. 2010இல் பொஸ்டன் மத்திய கையிருப்பு வங்கியின் ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவில் காசு பாவிக்கும் ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 149 டொலரைத் தெரியாமலே அட்டைக்காரருக்குக் கொடுக்கிறது. அட்டை பாவிக்கும் குடும்பம் 1,133 டொலர் பெறுகிறது. ஆக, மேலே கால் நீட்டிப் படுத்திருப்பவரின் சீட்டில், கீழே சில்லறை எண்ணிப் பாண் வாங்கியவரின் பங்கும் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. நீங்கள் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். ஆனால் 'இலவசம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தத் தரகை ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கட்டிப்போட்டது. கடனட்டைக்கு 0.3 சதவீதம், அதற்கு மேல் இல்லை. அதனால்தான் பாரிஸ் பிள்ளைகளின் அட்டையில் மைல் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அமெரிக்காவில் இருக்கிற மச்சானுக்குக் கொட்டுகிறது. பாரிஸ்காரர் கெட்டித்தனம் இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். சட்டம் வேறு, அவ்வளவுதான்.

இனி மைலின் குணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் அமெரிக்கா போகத் தேவையில்லை, பக்கத்து மறிச்சுக்கட்டி போதும். 1905இல் அங்கே நடந்த முத்துக்குளிப்பில் அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வந்தது. அடுத்த வருடம் அங்கே கொட்டில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் இங்கிலாந்தில் பெரிய எழுத்தாளர். குளிகாரருக்குக் காசில் கூலி இல்லை. எடுத்த சிப்பியை மூன்று பங்காக்கி, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒன்றை அவர்களுக்கு விட்டது. சுறாவை மந்திரத்தால் கட்டுகிறேன் என்று நின்ற கடல்கட்டிக்கும் கூலி சிப்பிதான். பின்னேரம் ஏலம். ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று, திறக்காத சிப்பியை ஏலம் எடுப்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, அழுகிய சதை மட்டுமா என்பது திறந்து, நாற விட்டு, கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். கணக்கில் கிடக்கிற மைலும் திறக்காத சிப்பிதான். ஒரு இலட்சம் மைல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் ஒன்றுமில்லை. அதே இலட்சத்தால் ஒருவர் நாலாயிரம் டொலர்ச் சீட்டை எடுப்பார், இன்னொருவர் தேநீர்க் கேத்திலும் துவாயும் எடுப்பார்.

அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. 1906இல் ஒரு கம்பனி இந்த முத்துப் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பல வருடம் பாரில் சிப்பியே இல்லை. சேர்த்து வைக்கலாம், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. டெல்ரா எயார்லைன்ஸ் 2015இல், எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டது. யுனைற்றட் 2019இல் எடுத்தது. இன்று 70 ஆயிரம் என்பது நாளைக்கு ஒன்றரை இலட்சம் என்றால் யாரிடமும் முறையிட முடியாது. சிங்கப்பூர் எயார்லைன்சின் கிறிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதி. எயார் கனடாவின் ஏரோபிளான் கணக்கு 18 மாதம் அசையாமல் கிடந்தால் போய்விடும்.

ஆனால் மைல் என் சொத்துத்தானே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒரு யூத குரு, நோர்த்வெஸ்ற் எயார்லைன்சில் மேலான தகுதி வைத்திருந்தவர். முறைப்பாடு அளவுக்கு மிஞ்சிச் செய்கிறார் என்று 2008இல் அவரது உறுப்புரிமையை வெட்டிவிட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 ஏப்ரலில் நீதியரசர்கள் ஒருமனதாகக் கம்பனியின் பக்கம் நின்றார்கள். விமானக் கம்பனிகளின் விலையிலும் சேவையிலும் தலையிடாதே என்கிற 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இதுவும் அடங்கும் என்றார்கள். குருவானவருக்கே அந்தக் கதி.

சரி, இனி முதலாம் வகுப்புக்கு வருவோம். நீங்கள் அதற்காகத்தானே இருக்கிறீர்கள்.

நமது சிறிலங்கன் எயார்லைன்சில் முதலாம் வகுப்பே இல்லை. வணிக வகுப்போடு முடிகிறது. 2014 மே 1இலிருந்து அது ஒன்வேர்ல்ட் விமானக் கம்பனிக் கூட்டணியில் இருப்பதால், பிரிட்டிஷ் எயார்வேசின் ஏவியோஸ் மைல் வைத்திருக்கும் லண்டன்காரர் அதைக் கொண்டு கொழும்பு நேர் விமானத்தின் வணிக வகுப்பைத் தேடலாம். எயார் கனடாவிலும் முதலாம் வகுப்பு இல்லை. சிங்கப்பூர் எயார்லைன்சின் ஏ380 விமானத்தில் கதவு சாத்துகிற தனியறை உண்டு. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வருகிற விமானத்தில் அது இல்லை. போதாததற்கு, அந்த அறைகளைத் தன் சொந்த மைல்காரருக்குத்தான் கொடுக்கிறது, கூட்டாளிக் கம்பனியின் மைலுக்கு இல்லை. எமிரேட்சில் டுபாய் வழியாக வரலாம் என்றால், 2025 மே முதல் வெள்ளி, தங்கம், பிளாற்றினம் தகுதி உள்ளவருக்கு மட்டும்தான் மைலில் முதலாம் வகுப்பு என்று வைத்துவிட்டார்கள். வாசல் குறுகிக்கொண்டு போகிறது.

இருக்கிற வாசல் எப்போது திறக்கும்? மைலுக்கு விடுகிற இருக்கைகள் பெரும்பாலும் இரண்டு வேளைகளில் தென்படும். ஒன்று, அட்டவணை வெளியாகும்போது, அதாவது பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால். மற்றது, கடைசி இரண்டு வாரத்தில், காசுக்கு விற்காது என்று கம்பனி முடிவு கட்டிய பிறகு. லுஃப்தான்சா நெடுங்காலம் முதலாம் வகுப்பைக் கூட்டாளிகளின் மைலுக்குக் கடைசி இரண்டு வாரத்தில்தான் விட்டது. அப்போதும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இருக்கை.

இப்போது நமது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருநாள். அதே நாளில் மடுவிலும் பெருநாள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அப்பா, அம்மா, பிள்ளைகள் மூன்று, சில வேளை மாமியும். திகதி மாற்ற ஏலாது, ஆள் குறைக்க ஏலாது. உலகம் முழுக்க அதே கிழமையில் பறக்கிறது. இந்தப் பயணத்துக்கு மைலில் முதலாம் வகுப்புத் தேடுவது வீண் அலைச்சல். இந்த விளையாட்டு, திகதி கட்டாத மனிதருக்காக, தனி ஆளுக்காக, செவ்வாய்க்கிழமை போனாலும் வியாழன் போனாலும் ஒன்றுதான் என்று இருப்பவருக்காக அமைக்கப்பட்டது. நம்மவரில் அப்படி ஆள் மிகக் குறைவு. இணையப் படங்களில் சம்பேன் கிண்ணத்தோடு இருப்பவர் யார் என்று பாருங்கள். அவரோடு பிள்ளை இருக்காது, அரிசிமாப் பொதியும் இருக்காது.

ஆனால் நமது நாட்காட்டியில் திகதி போடாத பயணம் ஒன்று இருக்கிறது. செத்தவீடு.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வரும். அம்மாவுக்குக் கடுமை என்பார்கள். அந்தக் கிழமைக்கே சீட்டு என்றால் காசு விலை தலையில் அடித்தது போல இருக்கும். அந்த ஒரு சீட்டுக்காக வருடக்கணக்கில் கடன் கட்டியவர்கள் எனக்குத் தெரியும். கம்பனி கடைசி நேரத்தில் மைலுக்கு இருக்கையைத் திறந்துவிடுவதும் அதே வேளையில்தான். ஒரு ஆள் போதும். பொருளாதார வகுப்பானாலும் சரி, வணிக வகுப்பானாலும் சரி, முதலாம் வகுப்பு மட்டும் மிஞ்சியிருந்தாலும் சரி, போய்ச் சேர்ந்தால் காணும். மைலுக்கு இன்னொரு குணம்: பெரும்பாலான திட்டங்களில், புறப்படுவதற்கு ஒரு நாள் முன்புவரை சிறு கட்டணத்தோடு சீட்டை ரத்துச் செய்தால் மைல் திரும்பக் கணக்கில் ஏறும். மலிவு விலைக் காசுச் சீட்டு அப்படித் திரும்பாது. ஆகவே, கடுமை என்ற செய்தி கேட்டவுடனேயே அடுத்த வாரத்துக்குச் சீட்டைப் போட்டு வையுங்கள். கர்த்தர் கண் திறந்து அம்மா எழும்பிக் கஞ்சி குடித்தால், ரத்துச் செய்யுங்கள். இந்த உபயோகத்தை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை. விளம்பரம் எழுதுகிறவர்களுக்குச் செத்தவீட்டுக்கு ஆறாயிரம் மைல் பறக்கிற சொந்தக்காரர் இல்லைப்போலும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஆள் வந்து போகிற அளவு மைலை எப்போதும் கணக்கில் வைத்திருங்கள். அதற்கு மேல் சேர்ந்தால் உடனே செலவழியுங்கள், கிடத்தி வைக்காதீர்கள். எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாள் பூசைக்கும் யார் நிற்கிறது, யார் முதலில் திரும்புகிறது என்ற சண்டையில் பாதி இதனால் தீரும்.

மேலே சேர்வதை எதில் செலவழிப்பது? இங்கேதான் முதலாம் வகுப்பைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொல்வேன். நாற்பது வயது மகன் அதில் ஏறிப் படம் பிடித்துப் போடுவதைவிட, முழங்கால் தேய்ந்த எழுபத்தைந்து வயது அம்மா பேரப்பிள்ளை பார்க்கப் போகும்போது படுத்துப் போவது நியாயம். கொழும்பிலிருந்து லண்டன் ஏறத்தாழ 5,400 மைல். கால் வீங்குகிற ஆளுக்கு அது சின்னத் தூரம் இல்லை. முதலாம் வகுப்புக் கிடைக்காது, வணிக வகுப்புக் கிடைக்கலாம், படுக்கை படுக்கைதான். பிள்ளையின் கணக்கிலிருந்து அம்மாவின் பெயருக்குச் சீட்டு எடுக்கலாம். கிறிஸ்ஃபிளையரில் அதற்கு ஆளை முன்கூட்டியே நியமிக்க வேண்டும், ஐந்து பேர்வரை. ஏரோபிளானில் எட்டுப் பேர்வரை ஒரே குடும்பமாகப் புள்ளிகளைச் சேர்க்கலாம். ரொறன்ரோவில் சகோதரர் நால்வர் தனித்தனியே கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருந்து ஒருவருக்கும் உதவாமல் போவது வீண். இடையில் ஒன்று: சக்கர நாற்காலி எந்த வகுப்புக்கும் இலவசம். அதற்காகவே மேல் வகுப்பு எடுத்த பிள்ளைகளை என் மேசையில் கண்டிருக்கிறேன்.

குடும்பத்தோடு மேல் வகுப்பில் லண்டனிலிருந்து வரத் துடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மைலில் எடுத்தாலும் அரசாங்க வரி காசில்தான். 2025 ஏப்ரல் நிலவரப்படி, பிரித்தானியாவிலிருந்து நம் தூரத்துக்குப் புறப்படும் ஒருவருக்குப் பொருளாதார வகுப்பில் 90 பவுண், மேல் வகுப்பில் 216 பவுண். பொருளாதார வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வரி இல்லை. மேல் வகுப்பில் பிள்ளைக்கும் உண்டு. பெற்றோர் இருவர், சின்னப் பிள்ளைகள் இருவர் என்றால் பொருளாதார வகுப்பில் 180 பவுண், மேலே 864 பவுண். கம்பனி தனியாகப் போடுகிற கட்டணம் இதில் சேரவில்லை. அந்த மிச்சக் காசில் கட்டுநாயக்காவிலிருந்து இங்கே வர நல்ல வான் பிடிக்கலாம். 

இங்கே ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் வேலை கிடைத்தவுடன் வங்கிக்காரர் அட்டையோடு வந்து மைல் என்பார். கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி போட்டிருந்த எல்லை 2022 நெருக்கடியில் நீங்கியது. அதன்பிறகு 30 சதவீதத்தைத் தாண்டிப் போன வங்கிகள் உண்டு. ஒரு மாதம் முழுக் கடனையும் கட்டத் தவறினால், சேர்த்த மைலின் பெறுமதி வட்டியில் கரையத் தொடங்கும். முழுவதும் கட்டக்கூடியவர் மட்டும் வைத்திருக்கலாம். கட்ட முடியாதவரின் வட்டியில்தான் மற்றவரின் மைலில் ஒரு பகுதி வளர்கிறது. சில கடைகளில் அட்டை என்றால் இன்னும் மூன்று வீதம் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடாது என்பதுதான் விதி. கொடுத்தால் மைலின் இலாபம் அங்கேயே முடிந்தது.

கெட்டிக்காரத்தனத்துக்கு எல்லை இல்லை என்பதற்கு ஒரு கதை. அமெரிக்க நாணயச்சாலை 2008இல் ஒரு டொலர்க் குற்றிகளைப் புழக்கத்தில் விட விரும்பி, முகப்பெறுமதிக்கே, அனுப்பும் செலவும் இல்லாமல், கடனட்டைக்கு விற்றது. மைல்காரர் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல் வங்கியில் கொண்டுபோய்ப் போட்டு, அட்டைக் கடனைக் கட்டினார்கள். குற்றி புழங்கவில்லை, மைல் மட்டும் விளைந்தது. 2011 ஜூலையில் அட்டைக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட ஓட்டை ஒன்று உங்கள் காதுக்கு வருகிறபோது அது அநேகமாக அடைபட்டிருக்கும்.

கடைசியாகச் சீட்டுப் போடும் முறை. வங்கிப் பொயின்சை விமான மைலாக மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது. ஆகவே இருக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மாறுவதற்குச் சில இடங்களில் நாட்கள் எடுக்கும். செத்தவீட்டு மைலை அதனால்தான் விமானக் கணக்கிலேயே வைத்திருக்கச் சொல்கிறேன். அம்மாவின் பெயரை இன்றைக்கே நியமித்து வையுங்கள், அழுகைக்கு நடுவில் அந்த வேலை ஓடாது. நியமிக்கும்போது கடவுச்சீட்டைக் கையில் எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம்மவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் முன்னுக்கு, கணவன் பெயர் பின்னுக்கு; அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் கூட, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் குறைய. கம்பனிக்குக் கடவுச்சீட்டு மட்டும்தான் கணக்கு. மைலில் எடுத்த சீட்டில் பெயரை வேறு ஆளுக்கு மாற்ற விடமாட்டார்கள்; எழுத்துப் பிழை திருத்தவும் மணிக்கணக்கில் தொலைபேசியில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டு கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிய முன்மேசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.